இரண்டேகால் உதவித்தொகை

யாங்கோனில் யாருக்காவது கௌரவம் வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். பசுந்தாங் வட்டாரத்தில், ஒரு சந்தின் கீழ்த்தளத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். பெயர் சாதிக் பாட்சா. கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம் எல்லாம் அடிப்பேன் என்றாலும் எனக்குச் சோறு போடுவது கௌரவப் பத்திரம்தான். இந்த ஊரில் ஒரு மூட்டை அரிசி தானம் செய்தாலும், ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும், ஏதாவது கூட்டத்தில் கடைசி வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தாலும் தங்கக் கரை போட்ட பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் அதற்குச் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் படும் சுவரில் மாட்டிவிடுவார். இதுவரை நாலாயிரம் பேரையாவது கௌரவித்திருப்பேன். அவர்களில் நாலு பேர் கௌரவமாக நடந்துகொண்டு பார்த்ததில்லை.

எங்கள் கட்டிடத்தில் ஏழாம் மாடியில் இருப்பவள் விஜயகுமாரி. வயது நாற்பத்திரண்டு. கணவர் மலேசியாவுக்குப் போய் ஆறு வருடமாகிறது. போன் மட்டும் வரும். இவள் இட்லி விற்கிறாள். இந்தச் சந்தில் எல்லாம் எட்டு மாடிக் கட்டிடங்கள், ஒன்றிலும் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப் இருக்கும். கீழே நிற்பவர் பொருளை அதில் மாட்டினால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். ஊர் முழுக்க இதுதான் வழக்கம். ஆனால் ஒரு தடவை மூன்றாம் மாடிக் கயிறும் ஐந்தாம் மாடிக் கயிறும் சிக்கிக்கொண்டு, இவர்கள் இட்லியை அவர்கள் சாப்பிட்டு, இரண்டு குடும்பமும் இன்று வரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்றிலிருந்து விஜயகுமாரி கயிற்றை நம்புவதை விட்டுவிட்டாள். எறிந்துவிடுவாள். நடுத்தெருவில் நின்று "அஞ்சாம் மாடி!" என்று ஒரு குரல் கொடுப்பாள். பொட்டலம் பறந்து போய், நீட்டிய கைகளில் பூனைக்குட்டி மாதிரி உட்காரும். பின்னாலேயே சட்னிப் பை போகும். பத்து வருடத்தில் ஒரு பை உடைந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஐம்பது பத்திரம் அடிக்கச் சொல்ல டாக்டர் தனசேகரன் வந்திருந்தார். அவர் எமரால்ட் பசிபிக் காலேஜில் ஆட்சேர்ப்பு மற்றும் நற்பெயர்த் துறையின் தலைவர். காலேஜ் இரண்டு சந்து தள்ளி, ஒரு டயர் கடைக்கு மேலே ஐந்தாம் ஆறாம் மாடிகளில் இருக்கிறது. தனசேகரன் டீக்கடையில் டீ கேட்பதையும் மேடைத் தமிழில்தான் கேட்பார். அன்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொட்டலம் அவர் தலைக்கு மேலே பறந்து, ஆறாம் மாடியில் பாதி திறந்திருந்த ஜன்னலுக்குள் போனது. தனசேகரன் வாயை மூட மறந்து நின்றார்.

"பாய், இந்த அம்மையார் எந்தக் காலேஜ்?"

"காலேஜ் எல்லாம் இல்லைங்க. இட்லி."

"வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா?"

"தினம் நூறு பேரு கேக்குறாங்க. எட்டு மணிக்குள்ள தீந்துடும்."

விஷயம் இதுதான். இவர்கள் காலேஜுக்கு வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தோடு கூட்டு. அவர்கள் அனுப்பிய படிவத்தில் எந்தெந்த விளையாட்டுக்கு அணி இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். காலியாக விட்டால் மரியாதையாக இருக்காது என்று ஒரு குமாஸ்தா பேஸ்பாலுக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டான். டிக்கை அழித்தால் நற்பெயர் போய்விடும். எனவே அணி ஏற்பட்டது. ஒருவர் பந்தை எறிவார், எதிரணிக்காரர் அதைக் கட்டையால் அடிப்பார்; இதற்கு மேல் அந்த விளையாட்டைப் பற்றிக் காலேஜில் யாருக்கும் தெரியாது. ஆட்டக்காரர்கள் பதின்மூன்று பேர். எறிய மட்டும் ஆள் இல்லை.

"நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத அணி, பாய்," என்றார் தனசேகரன்.

"யாரோட எல்லாம் விளையாடினீங்க?"

"விளையாடினால் ஒருவர் தோற்றாக வேண்டும். நற்பெயருள்ள நிறுவனம் அந்த ஆபத்தை எப்படி எடுக்கும்?"

விஜயகுமாரியை அழைத்து, உதவித்தொகையோடு காலேஜில் சேர்ந்து படிக்கும்படி கேட்டார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்கு ஸயா படிப்பு? எம் பொண்ணுக்குக் குடுங்க. நாலு பாடத்துல டிஸ்டிங்ஷன் வாங்கிட்டு வீட்டுல மாவாட்டிட்டு இருக்கா."

படித்தவர் எவரானாலும் எங்களுக்கு ஸயாதான். அவள் மகள் தமிழரசிக்குப் பதினெட்டு வயது. அலோன் துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதற்கு வேண்டிய படிப்பு இந்தக் காலேஜில்தான் இருந்தது. சேர்ப்பதற்கு வழிதான் இல்லை. அந்தப் பெண் தினமும் அந்த டயர் கடையைத் தாண்டிப் போகும்போது ஒரு தடவை மேலே பார்த்துவிட்டுப் போவாள்.

"மகள் எறிவாரா?" என்று கேட்டார் தனசேகரன்.

எறியச் சொன்னோம். பொட்டலம் டிரான்ஸ்ஃபார்மர் மேல் போய் விழுந்தது. காக்கைகள் வந்தன. அரைமணி நேரம் கரண்ட் போனது.

"அம்மையாரே, படிப்பு வருகிறவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் எங்களுக்கு என்ன பெயர்? அவர்கள் எப்படியும் படித்துவிடுவார்கள்," என்றார் தனசேகரன்.

"நான் எட்டாங்கிளாஸ் பெயிலு ஸயா."

"நற்பெயர் இல்லாதவர்களுக்குத்தான் மதிப்பெண் தேவை."

மறுநாள் அவளைக் காலேஜுக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பந்து இருந்தது. அணிக்கு அது ஒன்றுதான் பந்து. தேய்ந்துவிடும் என்று யாரையும் தொட விடுவதில்லை. தனசேகரன் ஒரு கோப்பைத் திறந்தார். பேஸ்பாலுக்கு ஒதுக்கிய உதவித்தொகை மொத்தம் மூன்று. அதைப் பதின்மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்ததுபோகப் பதினாறில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. வேறு எந்தக் காலேஜும் இவளைக் கேட்காததால் அதுவே அதிகம் என்று குழு கருதியது.

"பதினாறுல ஒண்ணுன்னா என்ன ஸயா?"

"செவ்வாய்க்கிழமைகளில் முன்படி வழியாக ஏறலாம். மற்ற நாள் பின்படி. நூலகத்தில் ஓர் அலமாரியின் மேல்தட்டு. காலேஜ் டையில் முடிச்சு மட்டும்."

"முடிச்சை வச்சு நான் என்ன பண்றது?"

"பதின்மூன்று மாணவர்களில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை," என்றார் அவர், வருத்தத்தோடு.

விஜயகுமாரி மாவு புளித்துவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் காலேஜ் விதிகளில் இல்ல வருகை என்று ஒன்று உண்டு. ஆட்டக்காரர் வீட்டுக்குக் குழு நேரில் போய் அவருடைய குணநலன்களை மதிப்பிட வேண்டும். வேண்டாம் என்று சொன்னவர் வீட்டுக்கும் போக வேண்டும், ஏனென்றால் பேனர் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. அடித்தவன் நான். தனசேகரனும், பேனர் பிடிக்க ஒருவரும், படம் எடுக்க ஒருவரும் ஏழு மாடி ஏறினார்கள். நாலாம் மாடியில் பேனர்காரர் உட்கார்ந்துவிட்டார். மற்ற இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அது கரண்ட் இல்லாத நேரம். ஜன்னல் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்தது. அங்கே தங்கக் கரையோடு, சிவப்பு முத்திரையோடு, சில்வர் ஹாரிசன் காலேஜின் பத்திரம் மாட்டியிருந்தது.

சில்வர் ஹாரிசன் இவர்களுடைய போட்டிக் காலேஜ். தோல்வி காணாத அணி அங்கேயும் ஒன்று உண்டு. அதற்கு முந்தின வருடம் அவர்கள் கட்டெய்ன் விழாவில் பிக்குகளுக்குத் துவராடை தானம் செய்தபோது விஜயகுமாரி முந்நூறு இட்லி அனுப்பினாள். அதற்குக் கொடுத்த பத்திரம் அது. அதையும் அடித்தவன் நான்தான்.

தனசேகரன் அதன் அருகே போய்ப் பார்த்தார். "எப்போது வந்தார்கள்?"

"போன கார்த்திகையில. வேன் அனுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. மேடையில ஏத்தி சால்வை போட்டாங்க."

"எதற்கு?"

"இட்லிக்கு ஸயா. முந்நூறு இட்லி குடுத்தேன்."

தனசேகரன் சிரித்தார். எல்லாம் தெரிந்தவர் சிரிக்கும் சிரிப்பு. "இட்லிக்கு! நாங்களும் அப்படித்தான் எழுதுவோம், அம்மையாரே. போன ஆண்டு ஓர் ஆட்டக்காரரை ரகசியமாக எடுத்தபோது குடிநீர்த் தொட்டி கழுவியதற்கு என்று எழுதினோம்."

"சாமி சத்தியமா இட்லிக்குத்தான்."

"இவ்வளவு ரகசியம் காப்பவர்தான் எங்களுக்குத் தேவை," என்றார். அந்த இடத்திலேயே பதினாறில் ஒன்று அரையானது.

இந்தச் செய்தி சில்வர் ஹாரிசனுக்கு எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களுக்கும் நான்தான் அச்சடிக்கிறேன். மறுநாளே அவர்கள் குழு ஏழு மாடி ஏறி, எமரால்ட் பசிபிக் அரை என்று எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, முழு உதவித்தொகை என்றது. எமரால்ட் ஒன்றரை என்றது. அவர்கள் இரண்டு என்றார்கள். ஒரு வாரம் எங்கள் மாடிப்படியில் இறங்குகிற குழுவும் ஏறுகிற குழுவும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன. அந்த ஒரு வாரத்தில் இரண்டு காலேஜிலும் ஒருவர்கூட, "அம்மா, ஒரு தடவை எறிஞ்சு காட்டுங்க" என்று கேட்கவில்லை. கடைசியில் தனசேகரன் இரண்டேகால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விஜயகுமாரி விரல் விட்டு எண்ணினாள். "எனக்கு ஒண்ணு. எம் பொண்ணுக்கு ஒண்ணு. கால் பங்கை நீங்களே வச்சுக்குங்க."

"உதவித்தொகையை ஆள் மாற்ற முடியாது. அது எறிகிற கைக்கு உரியது."

"நான் வலது கையிலதான ஸயா எறியறேன்? இடது கை சும்மாதான இருக்கு?"

இதைப் பற்றி விதிகள் எதுவும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கூடிப் பேசிக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. வலது கைக்கு ஓர் உதவித்தொகை. ஓய்விலிருக்கும் இடது கைக்கு ஓர் உதவித்தொகை. இடது கையின் சார்பில் அதன் வாரிசு வகுப்பில் உட்காரலாம். பதிவேட்டில் அப்படியே எழுதினார்கள். முதல் மாதம் வருகைப் பதிவு மாதம். பாடம் கிடையாது; பெயரைக் கூப்பிடுவார்கள், போய்விடலாம். தினம் காலையில் ஒரு குமாஸ்தா வந்து நின்று, "விஜயகுமாரியின் இடது கை!" என்பான். தமிழரசி எழுந்து, "வந்திருக்கேன்" என்பாள். நாலு டிஸ்டிங்ஷன் வாங்கிய பெண்.

"சர்டிபிகேட்லயும் இடது கைன்னுதான் போடுவாங்களாம், பாய் மாமா," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற விஜயகுமாரி, அந்தப் பதிவேடு யாரிடம் இருக்கும் என்று என்னைக் கேட்டாள்.

இதற்குள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெரியவர் வருவதாகவும், பேஸ்பால் ஆட்டம் பார்க்க விரும்புவதாகவும் தகவல் வந்தது. இரண்டு காலேஜும் நடுங்கிப் போயின. வேறு வழியில்லாமல் ஒருவரோடொருவர் ஆட ஒப்புக்கொண்டார்கள். மைதானத்தில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, முதலில் கௌரவிப்பு நடந்தது. நாற்பத்தாறு பத்திரங்கள் கொடுத்தார்கள். பந்தல் போட்டவருக்கு ஒன்று, வெயிலைத் தாங்கியதற்காகப் பார்வையாளர்களுக்குப் பொதுவாக ஒன்று. அதற்கப்புறம் தனசேகரன் பேசினார்.

"வெற்றி எவருக்கும் கிடைக்கும். தோல்வியும் எவருக்கும் கிடைக்கும். இரண்டும் கிடைக்காமல் நான்கு ஆண்டுகள் ஓர் அணியை நடத்துவது எங்களைப் போன்ற நிறுவனத்தால்தான் முடியும். எங்கள் மாணவர்கள் என்ன கற்றார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். எத்தனை பேர் எங்களிடம் சேர விரும்பினார்கள் என்று கேளுங்கள்! கற்பது உள்ளே நடப்பது; அதை யாரும் பார்ப்பதில்லை. சேர்வது வாசலில் நடப்பது, படம் எடுக்கலாம்."

வெளிநாட்டுப் பெரியவருக்குத் தமிழ் தெரியாததால் பலமாகக் கை தட்டினார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பந்தை எடுத்து விஜயகுமாரி கையில் கொடுத்தார்கள். அவள் சேலைக்கு மேல் காலேஜ் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தின் நடுவில் போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். தனசேகரன் பந்தலிலிருந்து ஓடினார்.

"எறியுங்கள், அம்மையாரே! எல்லோரும் பார்க்கிறார்கள்!"

"அந்தப் பதிவேட்டை எடுத்துட்டு வாங்க ஸயா. எம் பொண்ணு பேரை எழுதுங்க. தமிழரசின்னு. அப்பறம் எறியறேன்."

"விதிகளின்படி..."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன். மாவு இருக்கு."

பந்து ஒன்றுதான் இருந்தது, அது அவள் கையில் இருந்தது. பதிவேடு வந்தது. அங்கேயே, வெயிலில், தனசேகரன் குனிந்து தன் முதுகைக் கொடுக்க, குமாஸ்தா அதன்மேல் பதிவேட்டை வைத்து "இடது கை" என்பதை அடித்துவிட்டுத் தமிழரசி என்று எழுதினான். எழுதியதை விஜயகுமாரி மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகுதான் எறிந்தாள்.

கட்டையோடு நின்ற சில்வர் ஹாரிசன்காரன் எங்கள் ஐந்தாம் மாடி இளைஞன். பத்து வருடமாக அவள் எறிவதைத் தினமும் காலையில் பிடிப்பவன். பந்து வந்ததும் அவன் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அழகாகப் பிடித்துக்கொண்டான். பின்னால் சட்னி வரும் என்று வேறு காத்திருந்தான். அடிக்க வேண்டியவர் பந்தைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று நடுவருக்குத் தெரியவில்லை. அவர் காலேஜ் நூலகர். இரண்டு காலேஜும் வெற்றி தங்களுக்கே என்று அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போயின. சாயங்காலமே இரண்டு இடத்திலிருந்தும் வெற்றிப் பத்திரத்துக்கு ஆர்டர் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை பாடம் தொடங்கியது. தமிழரசி புது நோட்டோடு போனாள். பத்து மணிக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

"வாத்தியார் இல்ல, பாய் மாமா. எந்தப் பாடத்துக்கும் இல்ல."

விஜயகுமாரி நேரே தனசேகரன் அறைக்கே போனாள். நானும் வெற்றிப் பத்திரங்களோடு பின்னால் போனேன். அவர் எங்களை அன்போடு உட்காரச் சொன்னார்.

"உங்கள் இரண்டேகால் உதவித்தொகை எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்? இரண்டு ஆசிரியர்களையும், நூலகரில் கால் பங்கையும் நீக்கித்தான். மற்ற ஆசிரியர்கள் ஏற்கெனவே மற்ற ஆட்டக்காரர்களுக்காகப் போய்விட்டார்கள். இப்போது நம் காலேஜில் ஆசிரியருக்காக ஒரு காசு வீணாவதில்லை!"

விஜயகுமாரி உட்கார்ந்தபடியே இருந்தாள். அவளால்தான் மகளுக்கு வாத்தியார் போனார் என்பது அவளுக்குச் சுட்டது. கடைசியில், "கப்பல் சரக்குப் பாடம் எடுத்த டீச்சர் யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"உஸ்மா என்று ஒருவர். எதற்கு? அவரை எந்தக் காலேஜும் கேட்கவில்லையே."

பெண் ஆசிரியர் எங்களுக்கு ஸயாமா. ஸயாமா உஸ்மாவின் வீடு பசுந்தாங் கால்வாய் ஓரத்தில் இருந்தது. நாங்கள் போனபோது துணி உலர்த்திக்கொண்டிருந்தார். விஜயகுமாரி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நாலு வருஷம் அங்க பாடம் எடுத்தேன், ஒரு பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டதில்ல. இவ கேப்பாளா?" என்றார். "கேட்டுட்டே இருப்பா ஸயாமா, வீட்டுல எங்களால தாங்க முடியல," என்றாள் விஜயகுமாரி. மறுநாளிலிருந்து தினமும் நாலு மணி நேரம் பாடம் நடந்தது. தமிழரசி வீட்டுக்கு வந்து சரக்குச் சீட்டு, சுங்கம், கன்டெய்னர் என்று பேசிக்கொண்டே மாவாட்டினாள்.

ஐந்து மாதம் கழித்துத் தனசேகரன் அனுப்பிய ஒரு தாளை அடித்துக் கொடுக்க வேண்டி வந்தது. நீக்கல் அறிவிப்பு. அதில் இருந்தது இது:

"நம் மாணவி தமிழரசி, காலேஜின் அனுமதியின்றி, கப்பல் சரக்கு மேலாண்மையின் பதினொரு பாடங்களையும் முழுமையாகக் கற்றிருப்பது விசாரணையில் ஐயமின்றி உறுதியாகியுள்ளது. முன்னாள் ஆசிரியர் இருவரை வரவழைத்துக் கேட்ட அறுபது கேள்விகளுக்கும் அவர் சரியாகப் பதிலளித்தார். இது மற்ற மாணவர்களிடம் தேவையற்ற எதிர்பார்ப்பை உண்டாக்கி, காலேஜின் நற்பெயருக்குப் பெரும் களங்கம் விளைவிப்பதால் அவர் உடனடியாக நீக்கப்படுகிறார்."

கீழே தனசேகரனின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. விஜயகுமாரிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"பாய், காலேஜே கையெழுத்துப் போட்டு, எம் பொண்ணு எல்லாம் படிச்சுட்டான்னு எழுதிக் குடுத்திருக்கு, இல்ல?"

அடுத்த நாளே தமிழரசி அந்தத் தாளோடு அலோனுக்குப் பஸ் ஏறினாள். சரக்கு அலுவலகத்து மேலாளர் முழுவதையும் நிதானமாகப் படித்தாராம். மேஜை இழுப்பறையைத் திறந்து, அதே காலேஜிலிருந்து வேலை கேட்டு வந்தவர்கள் விட்டுப்போன தங்கக் கரைப் பத்திரங்களைக் காட்டினாராம். இருபதுக்கு மேல் இருந்ததாம். "அந்தக் காலேஜில் ஒருத்தர் படித்ததற்கு ஆதாரத்தோடு வந்திருப்பது நீதாம்மா முதல் ஆள்," என்று சொல்லி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டாராம்.